லேடி டாக்டர் ஓட்டிய வண்டி

பழைய கார் விற்கும் யார்டில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சில வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். சிங்கிள் ஓனர். ஷெட்டிலேயே நின்ற வண்டி. ஷோரூம் கண்டிஷன். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது: லேடி டாக்டர் ஓட்டியது. இந்த வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்பதை இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

என் பெயர் மகேஸ்வரி. நாமக்கல்லில் இருந்து சேலம் போகும் ரோட்டில் ஒரு கார் ஷோரூமில் ஃபைனான்ஸ் டெஸ்க்கைப் பல வருஷம் பார்த்தேன். முன்பக்கம் புது வண்டி, பின்பக்கம் தகரக் கூரைக்கு அடியில் யார்டு. எந்தப் பக்கம் வண்டி விற்றாலும் லோன் என் மேஜை வழியாகத்தான் போகும்.

1. லேடீஸுக்கு எதுக்குங்க டர்போ

அது ஆடி மாதம். ஆடியில் எங்கள் பக்கம் புது வண்டி புக்கிங் படுத்துவிடும். யார்டைத் தள்ளு, யார்டைத் தள்ளு என்று முதலாளி விரட்டிக்கொண்டே இருப்பார்.

அப்போதுதான் கௌசல்யா தன் அப்பாவோடு வந்தார். வெண்ணந்தூர்க்காரர்கள். அப்பா விவசாயம். மகள் கால்நடை டாக்டர், கோழிப் பண்ணைகளுக்குப் போய் வருகிற வேலை. ராசிபுரம், பரமத்தி, மோகனூர் என்று நாளெல்லாம் ரோட்டில்தான் பிழைப்பு. அவருக்கு வேண்டியது டர்போ இன்ஜின் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். வரும்போதே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்.

சேல்ஸ்மேன் தினேஷ் கேட்லாக்கை விரித்து அப்பாவின் முன்னால் வைத்தான். வண்டியும் மகளுக்கு, பணமும் மகளுடையது. பேச்சு மட்டும் அப்பாவோடு.

"லேடீஸுக்கு எதுக்குங்க டர்போ? சும்மா சீறீட்டுப் போகும். கன்ட்ரோலு பண்ண முடியாதுங்க. சின்ன வண்டி, ஆட்டோமேட்டிக், அதுதான் பாப்பாவுக்கு நல்லதுங்க."

"ஏனுங்க, ஓட்டறது நானுங்க. என்கிட்டச் சொல்லுங்க," என்றார் கௌசல்யா.

தினேஷ் சிரித்துவிட்டு மறுபடியும் அப்பாவைப் பார்த்துத்தான் பேசினான். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. எங்கள் ட்ரெய்னிங்கே அப்படி.

2. சீட்டு

மேனுவல் டர்போதான் வேண்டும் என்று கௌசல்யா அசையாமல் நின்றதும் முதலாளி கண்ணைக் காட்டினார். தினேஷ் இருவரையும் யார்டுக்கு அழைத்துப் போனான்.

அங்கே வெள்ளை நிறத்தில் ஒரு டர்போ ஹேட்ச்பேக் நின்றது. முன் கண்ணாடியில் அட்டை: லேடி டாக்டர் ஓட்டியது.

அந்த வண்டி யாருடையது என்று ஷோரூமில் எல்லோருக்கும் தெரியும். முதலாளியின் சின்ன மகன் சங்ககிரி பைபாஸில் பறந்து, ரோட்டு நடுவே இருக்கும் மீடியனில் ஏற்றி நசுக்கிய வண்டி. இரண்டு ஏர்பேக்கும் வெடித்துத் தொங்கிய நிலையில்தான் கிரேனில் வந்தது. பாடியைத் தட்டி, பெயின்ட் அடித்து, பளபளவென்று நிறுத்திவிட்டார்கள். புது ஏர்பேக் போட்டால் செலவு என்று ஸ்டீயரிங்குக்கும் டேஷ்போர்டுக்கும் வெறும் மூடி மட்டும் ஒட்டினார்கள். உள்ளே ஒன்றும் கிடையாது. லாரியும் போர்வெல் ரிக்கும் வரிசை கட்டி ஓடுகிற ரோட்டில் ஒரு பெண் அந்த வெறும் மூடியை நம்பி ஓட்டப் போகிறாள்.

லோன் தொகையைக் கேட்க என்னையும் யார்டுக்குக் கூப்பிட்டார்கள். நான் போனபோது தினேஷ் சொல்லிக்கொண்டிருந்தான்.

"லேடி டாக்டர் ஓட்டுனதுங்க. ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும் மட்டுந்தான். கை மாறுன வண்டிக்கு ஆடியெல்லாம் கெடையாதுங்க. இன்னைக்கே எடுத்துக்கலாம்."

கௌசல்யா கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். கால் கிளட்ச்சுக்கு எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுத்தார். நகரவில்லை. தினேஷ் குனிந்து இழுத்தான். சீட்டு நகரும் தண்டவாளத்தில் துரு ஏறி, பின்பக்கக் கடைசிப் பல்லில் இறுகிப்போய்க் கிடந்தது.

"அந்த லேடி டாக்டரு ஆறடிக்கு மேல இருப்பாங்களாட்ட இருக்குதுங்க," என்றார் கௌசல்யா.

தினேஷ் இன்னொரு தடவை குனிந்து சீட்டை இழுத்துப் பார்த்தான்.

"எந்த டாக்டருங்க? பேரு என்னங்க?"

"ராசிபுரத்துல... டாக்டரம்மாங்க."

"பேரைக் கேட்டனுங்க. முன்னாடி ஷோரூம்ல லேடீஸு டர்போ ஓட்ட முடியாதுன்னீங்க. பின்னாடி வந்தா லேடி டாக்டரே ஓட்டுனாங்கங்கறீங்க. எதுங்க நெசம்?"

நானும் அதே ஷோரூமில் அத்தனை வருஷம் அந்த இரண்டு வசனத்தையும் கேட்டிருக்கிறேன். வாங்க வந்தால் பெண்ணுக்கு ஓட்டத் தெரியாது. விற்க வேண்டும் என்றால் பெண் ஓட்டியதுதான் பத்தரை மாற்றுத் தங்கம். அன்றைக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது.

ஆனால் கௌசல்யாவின் அப்பாவுக்கு வண்டி பிடித்துப் போயிருந்தது. முக்கியமாக வட்டி. முதலாளிக்குத் தெரிந்த ஒரு தனியார் ஃபைனான்ஸில் முக்கால் ரூபாய் வட்டி என்று தினேஷ் சொல்லியிருந்தான்.

"அம்மிணி, நூத்துக்கு முக்கா ரூவான்னா வருசத்துக்கு ஒம்பதுதானுங்களே?" என்று என்னைக் கேட்டார். "பேங்க்குல ஒம்பதரைங்கறாங்க. இதுதானுங்களே கம்மி?"

எங்கள் ஊரில் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் தவறுகிற இடம் இது. ஊரில் கைமாற்றுக்கு வட்டி பேசுவது ரூபாய்க் கணக்கில்தான். அசலில் பாதியைத் திருப்பிவிட்டால் மீதிக்குத்தான் வட்டி. அந்த நினைப்பிலேயே இந்த முக்கால் ரூபாயையும் எடுத்துக்கொள்கிறார்கள். இதுவோ ஃப்ளாட் வட்டி.

"இல்லீங்க," என்றேன். "இது கட்டக் கட்டக் கொறையாதுங்க. அஞ்சு வருசத்துக்கு ஆறு லட்சம் வாங்குனீங்கன்னா, கடைசி மாசம் வரைக்கும் முழு ஆறு லட்சத்துக்கும் வட்டி போடுவாங்க. பேங்க்குல பாக்கிக்கு மட்டுந்தான். பேங்க்கை விட இதுல மாசம் ரெண்டாயிரம் கிட்ட கூட வருங்க."

முதலாளி பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அடுத்ததையும் சொன்னேன்.

"வட்டியை உடுங்க. இந்த வண்டியில ஏர்பேக் இல்லீங்க. அடிபட்ட வண்டி. மூடி மட்டும் ஒட்டியிருக்குது."

அப்பா மகளின் கையைப் பிடித்து வண்டியிலிருந்து இறக்கினார். "வா சாமி, போலாம்," என்றார்.

கௌசல்யா போகவில்லை. என்னோடு நேராக என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லுங்கக்கா. புதுசா, பழசா?"

பழசு எடுப்பது தப்பே இல்லை என்றேன். நான் ஓட்டுவதும் பழைய வண்டிதான். ஆனால் ஓட்டியவரை நேரில் பார்க்க வேண்டும், சர்வீஸ் செய்த இடத்தில் விசாரிக்க வேண்டும், நம் ஆள் ஒருவர் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். அது முடியாத இடத்தில் பழசு வேண்டாம். சன்ரூஃபையும் பெரிய ஸ்கிரீனையும் விட்டுவிட்டால் அதே டர்போ இன்ஜின் புதிதிலேயே கீழ் வேரியன்ட்டில் கிடைக்கும். கௌசல்யா அதையே பேங்க் லோனில் புக் செய்தார். டெலிவரி ஆவணி முதல் முகூர்த்தத்தில்.

3. சீட் கவர்

அவர்கள் போனதும் முதலாளி கூப்பிட்டார்.

"சோறு போடற கம்பெனிக்கே வேட்டு வெக்கறயா?"

"ஒரு புது வண்டி வித்துக் குடுத்திருக்கறனுங்க," என்றேன்.

"அந்த வண்டியை இனி யாரு தலையில கட்டறது?"

இதே வார்த்தைகள். வாய் கூசவில்லை அவருக்கு. மறுநாள் போய்ப் பார்த்தால் அட்டை மட்டும் மாறியிருந்தது: பேங்க் மேனேஜர் ஓட்டியது. கிழித்துக் குப்பையில் போட்டேன். அன்று மாலையே என்னை அக்சஸரீஸ் கவுண்டருக்கு மாற்றினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் சீட் கவரும் மேட்டும் விற்றேன்.

வெள்ளை வண்டியை வெளியூர் புரோக்கர் ஒருவர் ஓட்டிப் போனார். எந்த ஊரில், யார் குடும்பத்தோடு அதில் போகிறார்களோ தெரியாது. பைபாஸில் வெள்ளை ஹேட்ச்பேக் எதைப் பார்த்தாலும் அதுவாக இருக்குமோ என்று இன்றைக்கும் நம்பர் பிளேட்டைப் பார்க்கிறேன். செய்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சின்ன மகன் அதைவிடப் பெரிய வண்டியில் பறக்கிறான்.

4. அட்டை

பிறகு லோன் வேலை தடுமாறியதால் என்னை டெஸ்க்குக்குத் திருப்பினார்கள். கடைசி இரண்டு வருஷம் யார்டும் என் பொறுப்பில் இருந்தது. அப்போது கௌசல்யா வண்டியை எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுவந்தார். லோனை எப்போதோ கட்டி முடித்திருந்தார். லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி. அடியெல்லாம் பண்ணை மண். கிளட்ச் ஒருமுறை மாற்றியாகிவிட்டது.

தினேஷ் சுற்றி வந்து பார்த்தான்.

"லேடீஸ் வண்டின்னா இவ்வளவு ஓடியிருக்காதுங்களே. லேடி டாக்டர்னு அட்டை போட்டா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

எனக்கு வந்த கோபத்தில் அவனை அடித்திருப்பேன். இத்தனை வருஷத்தில் அந்த யார்டுக்குள் வந்த ஒரே நிஜமான லேடி டாக்டர் வண்டி அதுதான்.

கௌசல்யா கோபப்படவில்லை. "அப்படிப் போட வேண்டாங்க. கௌசல்யா ஓட்டுனதுன்னு போடுங்க. கீழ என்ற போன் நம்பரையும் போடுங்க. என்ன கேக்கோணுமோ என்கிட்டயே கேக்கட்டும்," என்றார்.

நானே மார்க்கரை எடுத்து எழுதினேன். ஒட்டிய அன்றே ஆட்டையாம்பட்டியில் இருந்து ஒருவர் அவருக்கு போன் போட்டு, கிளட்ச் மாற்றியது முதல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வந்து எடுத்துப் போனார்.

இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான். யார் ஓட்டிய வண்டி என்று விற்கிறவர் பெருமை பேசினால் பெயரைக் கேளுங்கள். பெயர் வரவில்லை என்றால், அட்வான்ஸுக்கு எடுத்த பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.