திண்டிவனத்தில் இருந்த படங்கள்

எங்கள் ஆராய்ச்சிக்கு இரண்டு பெரிய கம்ப்யூட்டர்கள். ஒன்று விழுப்புரத்தில், எங்கள் கல்லூரியில். இன்னொன்று திண்டிவனத்தில், எங்களோடு கூட்டுச் சேர்ந்த கல்லூரியில். இரண்டையும் நெட்வொர்க்கில் இணைத்து, யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். கூட்டுக்குடித்தனம் செய்தவர்களுக்குத்தான் தெரியும், ஒரு அலமாரித் தட்டுக்கு எவ்வளவு மனத்தாங்கல் வரும் என்று.

எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையின் இலையில் வரும் புள்ளி நோயைப் படத்தைப் பார்த்தே கம்ப்யூட்டர் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் என் பிஎச்டி. அனந்தபுரம் பக்கம் ஒரே நிலத்தில் இரண்டு சாகுபடிப் பட்டம், விதைத்ததிலிருந்து பிடுங்கும் வரை, வாராவாரம் பஸ்ஸில் போய் இடுப்பொடியக் குனிந்து இலைகளைப் படம் எடுத்தேன். போன் நிறைந்ததும் படங்களை இரண்டு கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டு, போனில் அழித்துவிடுவேன். தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வேண்டும் என்று எழுதிக் கேட்டிருந்தேன். அந்த மனு எந்த மேஜையில் தூங்குகிறதோ, இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

விழுப்புரத்து டிஸ்க் அடிக்கடி நிறைந்துவிடும். "எல்லாரும் தேவையில்லாததை அழிங்க" என்று எங்கள் சார் இரண்டு கல்லூரிக்கும் பொதுவான வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். ஒருவரும் ஒன்றையும் அழிக்க மாட்டார்கள். எனக்குத்தான் மனசு கேட்காது. ஒருமுறை அப்படி நிறைந்தபோது, திண்டிவனத்தில்தான் இன்னொரு பிரதி இருக்கிறதே என்று இங்கிருந்த படங்களை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு இணைப்பை மட்டும் வைத்தேன். பூட்டிய கதவில் 'சாவி பக்கத்து வீட்டில்' என்று சீட்டு ஒட்டுகிற மாதிரி. ஆனால் இந்தச் சீட்டு கண்ணுக்குத் தெரியாது. விழுப்புரத்து ஃபோல்டரைத் திறந்தால் படம் வரும். அது திண்டிவனத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அழிப்பதற்கு முன்பே குரூப்பில் சொல்லியிருந்தேன். உடனே யாரோ பிறந்தநாள் கேக் படம் போட்டார்கள், வாழ்த்துகள் கொட்டின, என் செய்தி மேலே போய்விட்டது.

சில மாதம் கழித்துத் திண்டிவனத்து டிஸ்க்கும் நிறைந்தது. அங்கே இன்னொரு பிஎச்டி மாணவி இருந்தாள். என்னைவிடச் சின்னவள், அக்கா அக்கா என்று உயிராக இருப்பாள். கெடு நெருங்குகிறது, அவளுடைய ப்ரோக்ராம் ஓட இடமில்லை.

போனில் சொல்ல வாய் வராமல் பஸ் ஏறி நேரே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, ஒங்க மல்லாட்டை படமெல்லாம் அங்க அழிச்சிட்டேங்க்கா."

"இங்கயும் இல்லியேடி," என்றேன்.

"இருந்துச்சிக்கா. இங்க இருக்கறத தொறந்து பாத்துக்கினுதான் அழிச்சேன். அழிச்சப்புறம் தொறந்தா ஒன்னுமே வரல. பேஜாரா பூடுச்சிக்கா."

கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? நான் சொல்லிவிட்டுத்தான் அழித்தேன். அவள் பார்த்துவிட்டுத்தான் அழித்தாள். அழிக்காமல் கட்டைவிரல் காட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோருடைய ஃபைலும் பத்திரமாக இருந்தது. அதை நினைக்கத்தான் வயிறு எரிந்தது.

"இன்னொரு பட்டத்துக்குப் படம் எடுத்துடலாம்மா," என்றார் சார், டீ சொல்வது போல.

அனந்தபுரம் போனேன். நிலத்தில் வரிசையாக வண்ணம் அடித்த கற்கள் நட்டிருந்தார்கள்.

"வித்துட்டேம்மா," என்றார் நிலத்துக்காரர். "மல்லாட்டை போட்டு யாரு மாரடிக்கறது? பொண்ணு கல்யாணம் வேற."

வேறு நிலம் தேடி, விதைத்து, பிடுங்கும் வரை காத்திருக்க என் உதவித்தொகைக்குக் காலம் மிச்சமில்லை. நீட்டித்துக் கேட்டேன், கிடைக்கவில்லை. ஆராய்ச்சியை விட்டுவிட்டேன். இப்போது ஒரு தனியார் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன்.

காலியான இடத்தில் அவளுடைய ப்ரோக்ராம் ஓடி முடிந்தது. போன மாதம் அவள் பிஎச்டி முடித்து, ஆய்வேட்டின் ஒரு பிரதியோடு வீட்டுக்கு வந்தாள். ஸ்வீட்டும் கொண்டுவந்தாள். அவள் போன பிறகு புரட்டினேன். நன்றி சொல்லும் பக்கத்தில் என் பேரும் இருந்தது, டிஸ்க்கில் இடம் கொடுத்து உதவியதற்காக. மனசாரத்தான் எழுதியிருக்கிறாள், எனக்குத் தெரியும். படங்கள் போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.