மொரியோகாவில் அம்மா மூட மறுத்த கிண்ணம்

போன நவம்பரில் நானும் அம்மாவும் ஒஸ்லோவிலிருந்து ஜப்பானுக்குப் போனோம். கோயில், கோட்டை பார்க்க அல்ல, சோபா நூடுல்ஸ் சாப்பிட. புற்றுநோய் சிகிச்சை முடிந்து ஆறு மாதமாகியும் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் சோறு வடிக்கும் மணத்துக்கே எழுந்து போய்விடுவார். ஒருநாள் தொலைக்காட்சியில் யாரோ குளிர்ந்த சோபாவை உறிஞ்சுவதைப் பார்த்துவிட்டு, "இது எண்டால் எனக்கு இறங்கும் போல கிடக்கு" என்றார். டொக்டர் சம்மதித்ததும் ரிக்கெற் போட்டேன்.

சோபா என்பது பக்வீட் மாவில் செய்யும் நூடுல்ஸ். நோர்வேக் கடைகளில் பூக்வேத்தெ என்று விற்கிறார்களே, அதே தானியம்தான். ஆனால் சோபா ஊருக்கு ஊர் வேறு.

முதலில் தொகாகுஷி. தோக்கியோவிலிருந்து நகானோவுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணிநேரம், பிறகு மலையில் ஒரு மணிநேர பஸ். மூங்கில் தட்டில் சின்னச் சின்ன முடிச்சுகளாக வைத்துத் தருகிறார்கள். நவம்பரில் புது அறுவடை மாவு. அம்மா இரண்டு முடிச்சு சாப்பிட்டார். என் முகம் வாடியதைக் கண்டு, "இரண்டு இறங்கினதே பெரிசு. நீ பேசாமல் சாப்பிடு" என்றார்.

அடுத்து நீகாத்தாவின் ஹெகி சோபா. கடற்பாசி கலந்து பிசைவதால் வழுவழுவென்றிருக்கும். அகன்ற மரத்தட்டில் வரும். அம்மா தன் பங்கில் பாதியை முடித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

கடைசியாக மொரியோகா, தோக்கியோவிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டேகால் மணிநேரம். அங்கே வன்கோ சோபா: ஒரு வாய் அளவு சோபா, முடித்த உடனே பணிப்பெண் அடுத்ததைக் கிண்ணத்தில் கொட்டுவார். நிறுத்த வேண்டுமானால் மூடியால் மூட வேண்டும். பதினைந்து கிண்ணம் ஒரு சாதாரண சாப்பாட்டுக்குச் சமம்.

பதினைந்தாவது கிண்ணத்தில் நான் பதறிவிட்டேன்.

"அம்மா, காணும். மூடுங்கோ."

"நீ உன்ரை கிண்ணத்தைப் பார்."

பணிப்பெண் சிரித்தபடி கொட்டிக்கொண்டே இருந்தார். நான் இருபத்தெட்டில் மூடினேன். அம்மா முப்பத்தொன்றில் மூடிவிட்டு, "உன்னை விட மூண்டு கூட!" என்று மேசையில் தட்டினார். பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள். நான் அழுவதைக் கண்ட பணிப்பெண், தொட்டுக்கொள்ளும் வசாபித் துவையலின் காரம் ஏறிவிட்டதென்று தண்ணீர் கொண்டு ஓடிவந்தார்.

போகிறவர்களுக்கு: வன்கோ சோபாவுக்கு ஆளுக்கு ஏறக்குறைய நாலாயிரம் யென். முன்பதிவு செய்யுங்கள். பக்வீட் ஒவ்வாமை உள்ளவர்கள் கிட்டவும் போகக் கூடாது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கேட்டுச் சாப்பிடுங்கள், பல கடைகளில் கோதுமை மாவும் கலக்கிறார்கள். நேரமிருந்தால் மேற்கே இசுமோ ஊரின் கருமையான சோபாவுக்கும் போங்கள். எங்களுக்கு அது வாய்க்கவில்லை.

எத்தனையோ பேர் சோபாவின் ருசியைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அந்த ருசி சரியாக நினைவில்லை. மறுநாள் விடிய, ஹோட்டல் அறையில் அம்மா என் போர்வையை இழுத்து எழுப்பியதுதான் நினைவிருக்கிறது.

"எழும்பு பிள்ளை. எனக்குப் பசிக்குது."