பெரிய கிராணிக்குப் பதினைந்து

எனக்குக் கோவையாக எழுத வராது. கிள்ளான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ஞாபகமும் இப்போது முன்னே பின்னே போகிறது. முன்னதைப் பின்னால் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது எங்கள் வீட்டுப் பின்பக்கமே டென்னிஸ் திடல் இருந்தது. ரயில்வே ஆபீஸ் கிராணிமார், அதாவது குமாஸ்தாக்கள், சேர்ந்து நடத்திய சங்கத்தின் திடல் அது. சாயங்கால மழை விட்டதும் புல்லில் சுண்ணாம்புக் கோட்டை மறுபடி இழுத்துவிட்டு ஆடத் தொடங்கிவிடுவார்கள். ஆட்கள் முன்னால் போய் உட்கார எனக்குக் கூச்சம். செம்பருத்தி வேலிக்கு இந்தப் பக்கம், துணி மடிக்கிற சாக்கில் நின்று பார்ப்பேன்.

என் வீட்டுக்காரர் பெரிய ஆட்டக்காரர் இல்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு ஆட்டம் வரும் என்று எடைபோடுகிற பொறுப்பைச் சங்கம் அவரிடம்தான் கொடுத்திருந்தது. வருஷப் போட்டியில் நன்றாக ஆடுகிறவரும் கற்றுக்குட்டியும் ஒன்றாக ஆட வேண்டுமே, அதற்காக ஹேண்டிகேப் என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஆட்டம் போதாதவருக்கு ஒவ்வொரு கேமும் பதினைந்திலோ முப்பதிலோ தொடங்கும். கெட்டிக்காரர் பூஜ்யத்துக்கும் கீழேயிருந்து ஏறி வர வேண்டும். எடை சரியாக விழுந்துவிட்டால் கடைசிப் பந்துவரை யார் ஜெயிப்பார் என்று சொல்ல முடியாது. அதில்தான் அவருக்குச் சந்தோஷம்.

அவர் எடைபோடுவதைப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருக்கும். பந்தைப் பார்க்கவே மாட்டார். பந்து எதிர்ப்பக்கம் போனபிறகு ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பார். ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர், முப்பது வாங்கிக்கொள்ளும் ஆசையில், வேண்டுமென்றே எல்லாப் பந்தையும் வலையில் அடித்தார். இவர் சிரித்துக்கொண்டே, “அண்ணே, அடிக்கிறது மட்டும்தான் தப்பா அடிக்கிறீங்க. அடிச்சு முடிச்சதும் சரியா நடுவுக்கு வந்து நின்னுக்கிறீங்களே” என்றார். அந்த மனிதரும் சிரித்துவிட்டார். அவருக்குப் பூஜ்யம்தான் கிடைத்தது.

இப்படிப்பட்டவரும் ஓர் இடத்தில் எடைபோடத் தயங்கினார். அது பெரிய கிராணி ஐயா விஷயம். யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீஸில் எல்லாருக்கும் மேலே. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து, தலையில் தொப்பி என்று மிடுக்காக வருவார். ஆட்டம் சுமார்தான். ஆனால் அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் அவரை எப்படிக் கீழே போடுவது? மரியாதைக்காக அவரைச் சங்கத்திலேயே முதல்தர ஆட்டக்காரராக வைத்து, முப்பது கீழேயிருந்து தொடங்க விட்டிருந்தார்கள். இரண்டு பந்து ஜெயித்தால்தான் பாவம், பூஜ்யத்துக்கே வருவார். வருஷா வருஷம் முதல் ஆட்டத்திலேயே தோற்றுப்போவார். வெளியே தெரியாமல் தோற்றுக்கொடுக்கப் பார்த்தவர்களாலும் முடியவில்லை. ஐயா பூஜ்யத்தைத் தொடுவதற்குள் கேம் முடிந்துவிடும்.

ஒரு வருஷம், போட்டிக்கு முன்னால், பெரிய கிராணியின் சம்சாரம் எங்கள் பின்கட்டுக்கு வந்தார். அப்படி வருகிறவர் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“பிள்ளை, உம்மட மனுசனிட்டை ஒரு விசயம் சொல்லவேணும். இவருக்கு இந்த வரியம்தான் கடைசி. பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போறம். ஒருக்காக்கூட முதல் ஆட்டம் தாண்டேல்லை. தோத்துப்போட்டு வந்து சோத்துக் கோப்பையைப் பாத்துக்கொண்டு இருப்பார். மரியாதை எண்டு சொல்லி எல்லாரும் இவரை உச்சியிலை கொண்டுபோய் வைச்சிருக்கினம். கொஞ்சம் இறக்கிவிடச் சொல்லும்.”

“ஐயா கோவிச்சுக்குவாரே, அக்கா.”

“கோவிக்கட்டும். ஒருக்கா வெண்டுபோட்டுக் கோவிக்கட்டும்.” வெண்டுபோட்டு என்றால் ஜெயித்துவிட்டு; யாழ்ப்பாணப் பேச்சு.

அன்று சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

“உனக்கென்ன, சொல்லிட்டே. என் பேரைப் பிரமோஷனுக்கு எழுதுறதே அவருதான். ‘ஐயா, உங்களுக்கு ஆடத் தெரியல’ன்னு நான் போய் நிக்கவா?”

“தெரியலன்னு ஏன் சொல்லணும்? எவ்வளவு தெரியுமோ அவ்வளவைச் சொல்லுங்க.”

எனக்கு எப்படி அந்த வார்த்தை வந்ததோ தெரியாது. 

மறுநாள் அவர் ஐயாவை ஒரு செட் ஆடக் கூப்பிட்டார். மற்றவர்களிடம் செய்வதைப்போலவே இடது பக்கம், வலது பக்கம், வலைக்குப் பக்கம் என்று எல்லா விதமாகவும் பந்தைப் போட்டுப் பார்த்தார். முடிந்ததும் இரண்டு பேரும் வேலியோரம் நின்று வியர்வையைத் துடைத்தார்கள். நான் அசையாமல் நின்றேன்.

“ஐயா, இந்த வருஷம் நீங்க பதினஞ்சு வாங்கிக்கணும்.”

ஐயா துடைப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.  பிரமோஷன் போயிற்று என்றே நினைத்தேன்.

“பதினைஞ்சோ? ஏன் தம்பி, முப்பது தாறதுக்கென்ன?”

கேலியா, கோபமா என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர், ஐயா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். “முப்பது வாங்குற அளவுக்கு நீங்க மோசமில்ல, ஐயா. இடது கைப்பக்கம் பந்து வந்தா தடுமாறுறீங்க. ஆனா தலைக்கு மேல தூக்கிப் போடுறீங்களே, அந்தப் பந்து கோட்டு மேலயே போய் விழுது. அது இந்தச் சங்கத்துல வேற யாருக்கும் வராது.”

ஐயா தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். “ஒருத்தனும் எனக்கு இதைச் சொன்னதில்லை” என்றார். இறக்கியதைச் சொல்கிறாரா, தூக்கிப் போடும் பந்தைச் சொல்கிறாரா என்று நான் இன்றும் யோசிப்பேன். இரண்டுமாகத்தான் இருக்கும்.

போட்டியன்று அவரோடு ஆடியவன் அவர் ஆபீஸிலேயே புதிதாகச் சேர்ந்த இளைஞன், கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவன். ஐயா பந்தை உயர உயரத் தூக்கிப் போட்டார். அவன் பின்னால் ஓடி ஓடிக் களைத்தான். பெஞ்சில் இருந்தவர்கள் விடவில்லை.

“டேய், அது ஆபீஸ் ஃபைல் இல்லடா, பந்து! மேசையில வச்சிக்காம திருப்பி அனுப்பு!”

“வானத்த பாத்தே கழுத்து சுளுக்கிடும்போல இருக்கே தம்பிக்கு!”

ஆளுக்கொரு செட் ஆகி, கடைசி செட்டில் ஐயா ஜெயித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அவர் முகத்தில் சிரிப்பில்லை. நேரே என் வீட்டுக்காரரிடம் வந்தார்.

“தம்பி, உண்மையைச் சொல்லும். பெடியன் விட்டுத்தந்தவனோ?”

 ‘இல்லை’ என்று யாரும் சொல்லிவிடலாம். அது மரியாதைக்குச் சொன்னது என்றுதான் ஐயா நினைப்பார். இவர் யோசித்துத்தான் சொன்னார்.

“கடைசி கேம்ல அவன் ரெண்டாவது சர்வீஸைப் பாத்தீங்களா, ஐயா? தப்பிடுமோன்னு பயந்து பயந்து போட்டான். தோத்துக்கொடுக்க வந்தவனுக்கு எதுக்குப் பயம்?”

ஐயா அந்தப் பையனைத் திரும்பிப் பார்த்தார். அவன் தோற்ற ஆத்திரத்தில் யாரிடமும் பேசாமல், மட்டையை, வளையாமல் வைக்கிற மரச்சட்டத்தில் மாட்டித் திருகிக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஐயா சிரித்தார். “அப்ப வெண்டுதான் போட்டன்” என்று ஆட்டம் பார்க்க வந்திருந்த தம் சம்சாரத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த அம்மா சபையென்றும் பார்க்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஆட்டத்தில் ஐயா நன்றாகத் தோற்றார். அன்றைக்கு வீட்டில் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டதாக அந்த அம்மாவே வந்து சொன்னார்.

முதல் ஆட்டத்தின் கடைசி செட் ஆறு-நாலு என்று எனக்கு ஞாபகம். வீட்டுக்காரர் இருந்தவரை ஏழு-ஐந்து என்றுதான் சாதிப்பார். முப்பது கீழே என்று அப்போது சங்கத்தில் வைத்திருந்ததும் சரிதானா என்று சந்தேகமாக இருக்கிறது. அந்தத் திடலில் ஆடியவர்கள் வீட்டில் விவரம் தெரிந்தவர் யாராவது இருந்தால், பார்த்துத் திருத்திக் கொடுத்தால் நல்லது.