பேப்பரில் வந்த அழுகை

மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவிய கோவில் கல்தரையில் சுடுசோற்றைக் கொட்டினால் ஒரு மணம் எழும்பும். ஈரக் கல்லும் சோற்று ஆவியும் வேப்பிலையும் கலந்த மணம். இன்றைக்கும் சோறு வடிக்கும்போது கஞ்சி தரையில் சிந்தினால் எனக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்துவிடுகிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருசம் தயங்கியிருக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், கோர்வையாக எழுத வராது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், இதில் ஒரு பெரிய மனிதருடைய மானம் இருக்கிறது. அவர் காலமாகி நாலு வருசம் ஆகிறது. அம்மாவைக் கேட்டேன். "என்னயக் கேட்டா? ஆத்தாளக் கேளு" என்றாள். சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து மாரியம்மன் முன்னால் போட்டு, வெள்ளை வந்தால் எழுதுகிறேன் என்று கும்பிட்டேன். வெள்ளை வந்தது.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். அந்தக் காலத்தில் எங்கள் வட்டாரத்தில் 'தலைவர்' என்றால் ஒருவர்தான். அவர் பேரை வீட்டுக்குள்கூட மெதுவாகத்தான் சொல்வார்கள். அப்பாவுக்கு ரோட்டோரம் அறுபது சென்ட் பன்னீர்த் திராட்சைப் பந்தல் இருந்தது. அந்த இடத்தில் பெட்ரோல் பங்க் வைக்க வேண்டும், எழுதிக் கொடு என்று தலைவருடைய ஆட்கள் வந்து கேட்டார்கள். அப்பா முடியாது என்றார். ஒரு காலையில் போய்ப் பார்த்தால் ஐந்து கொடிகளை அடித்தூரோடு அறுத்துப் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு பச்சை ஜீப் தினமும் எங்கள் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தது. "கையெழுத்துப் போட ஆள் இருந்தாத்தான கேப்பாக" என்று சொல்லிவிட்டு அப்பா குமுளிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். ஜீப் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்து, என்னையும் இழுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுவாள். வீட்டில் ஆள் இருப்பதே தெரியக்கூடாது. அந்த நாட்களில்தான் அவள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்: "அவுக வீடு வந்து சேர ஒரு வழியக் காட்டு ஆத்தா. வழி தெரிஞ்ச ஒடன ஒன் வாசல்ல மண்சோறு சாப்புடுறேன்." தட்டோ இலையோ இல்லாமல், கோவில் தரையில் போட்ட சோற்றைக் கையைப் பின்னால் கட்டிக் குனிந்து வாயால் எடுத்துச் சாப்பிடுவதுதான் மண்சோறு.

எனக்குப் பத்து வயது. தலைவரைப் போலீஸ் பிடித்து மதுரை ஜெயிலில் போட்டுவிட்டது என்று டெலிபோன் பூத்துக்குச் செய்தி வந்தது. வேறு ஊர்க்காரர் யாரோ கொடுத்த புகார். விசாரணை நடக்கவில்லை, அதற்குள் 'ரிமாண்டு' என்றார்கள். அந்த வார்த்தையை நாங்கள் அன்றைக்குத்தான் கேட்டோம். இரண்டு நாளில் பால்வாடிப் பிள்ளைகள்கூடச் சொல்லின. பஸ் ஓடவில்லை. தெருமுக்கில் டயரைக் கொளுத்தினார்கள். கடைகளை அடைக்கச் சொல்லிக் கம்போடு வந்தார்கள். ஆனால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நெய் மணந்தது. கடை அடைப்பாயிற்றே, அதனால் மளிகைக் கடையின் புறவாசலில் ரவைக்குப் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

"என்னக்கா, திடீர்னு கேசரி?"

"சின்னவனுக்குப் பொறந்த நாளு."

"போன மாசந்தான மிட்டாய் குடுத்தீக?"

"அது இங்கிலீசுத் தேதி. இது நச்சத்திரம். ஒனக்கென்ன, நீயும் ரவைக்குத்தான நிக்கிற?"

அன்றைக்கு எங்கள் தெருவில் மட்டும் ஏழு பிள்ளைகளுக்குப் பிறந்த நாள்.

மூன்றாம் நாள் பேச்சியம்மாள் பெரியம்மா வந்தாள். தலைவர் கட்சியில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அவள்தான் பொறுப்பு. "வர்ற வெள்ளிக்கெழம தலைவர் வெளிய வரணும்னு வீட்டுக்கு ஒரு பொம்பள மண்சோறு சாப்புடணும். வராத வீட்டக் குறிச்சுட்டு வரச் சொல்லியிருக்காக" என்றாள். அம்மா யோசிக்கவே இல்லை. "வாரேன்க்கா" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவரு வெளிய வந்தா அப்பா எப்பிடிம்மா வருவாக?" என்று கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். "அடி கூறுகெட்டவளே, நான் நேந்தது மண்சோறுதான? அவர உள்ள போட்டு ஆத்தா வழி காட்டிட்டா. அவுக போடுற பந்தியில ஒக்காந்து என் நேத்திய முடிச்சுக்கிறேன். யாருக்கு எதுக்குன்னு அவளுக்குத் தெரியாதா?"

வெள்ளிக்கிழமை கோவிலில் அறுபது பெண்களுக்கு மேல், எல்லாருக்கும் ஒரே மஞ்சள் சேலை. அம்மா முன்வரிசையில், நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில். தேனியிலிருந்து வந்த போட்டோக்காரர், "கொஞ்சம் அழுங்கம்மா, படத்துல தெரியணும்ல" என்று கெஞ்சினார். ஒருத்திக்கும் வரவில்லை. அம்மா கையைப் பின்னால் கட்டிக் குனிந்து முதல் வாய் எடுத்தாள். மூக்கில் சோறு ஒட்டியிருக்க நிமிர்ந்து சாமியைப் பார்த்தவள் உடைந்துபோனாள். அப்பா போனதிலிருந்து ஒன்பது மாசம் அடக்கியது அவ்வளவும் வந்தது. பக்கத்தில் செல்லத்தாயி அக்கா, "போதும்த்தா, இம்புட்டுப் போதும் ஆத்தா" என்று கும்பிட்டு அழுதாள். அவளுடைய புஞ்சைக்கும் அந்த ஜீப் போய்வந்ததுதான். அப்படியே வரிசை வரிசையாகப் பரவி, கோவிலே அழுதது. அதில் எத்தனை பேர் தலைவருக்காக அழுதார்கள், எத்தனை பேர் நிம்மதியில் அழுதார்கள் என்பது மாரியம்மனுக்கே வெளிச்சம். "போதும்மா, பிலிம் தீந்துபோச்சு" என்றார் போட்டோக்காரர். மறுநாள் பேப்பரில், தலைவர் விடுதலைக்காகப் பெண்கள் கண்ணீர் என்று போட்டு, அம்மா முகம் முன்னால் பெரிதாக இருந்தது.

தலைவர் ஜெயிலில் இருந்தபோது அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எங்களைப் பார்த்தார். ஜாமீன் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கலாம் என்று கேள்விப்பட்டு அன்றைக்கே மலையேறிவிட்டார். அவர் பயந்தபடியே எழுபது நாளில் தலைவர் வெளியே வந்தார். ஊரெல்லாம் வெடி. நேரே எங்கள் கோவிலுக்குத்தான் வந்தார். பச்சை ஜீப் எங்கள் வாசலில் நின்றது. "தலைவர் ஒங்களத்தான் கேக்குறாக" என்றான் ஓட்டி வந்தவன். அம்மா பழக்கத்தில் அடுப்பை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

சந்நிதியில் தலைவர் நின்றார். ஜெயிலில் மை பூச வழியில்லாமல் மீசை வெளுத்திருந்தது. சட்டைப் பையிலிருந்து அந்தப் பேப்பர்த் துண்டை எடுத்தார். மடித்து மடித்துத் துணிபோல் ஆகியிருந்தது. உறுமி மேளம் அடித்த அடியில் பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும்தான் பேச்சுக் கேட்டது.

"இது நீதான தாயி? எனக்காகவா இம்புட்டு அழுத?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எனக்கே அது தெரிந்தது. அம்மா சாமியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஆத்தா முன்னால நிக்கிறேன் அய்யா. பொய் சொல்லமாட்டேன். எம்புருசன் வீட்டுக்கு வரணும்னு அழுதேன். ஒங்க ஆளுகளுக்குப் பயந்து மலைக்குப் போனவுக."

அவர் முகம் கறுத்தது. அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

"எம்புட்டு நாளா வெளிய இருக்காரு?"

"வருசம் ஒண்ணாகப் போகுதுய்யா."

"நான் எழுவது நாளுதான் இருந்தேன்" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "வரச் சொல்லு தாயி."

பிறகு கையைக் காட்டி உறுமியை நிறுத்தினார். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "இந்தம்மா எனக்காக அழுத அம்மா. இவுக தோட்டத்துப் பக்கம் ஒருத்தனும் போகக்கூடாது." கூட்டம் கைதட்டியது. பேச்சியம்மாள் பெரியம்மா குலவை போட்டாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நாலாம் நாள் அப்பா ஏலத்தோட்டத்து ஜீப்பில் வந்து இறங்கினார்.

அதற்குப் பிறகு அம்மா பல வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றி மன்னிப்புக் கேட்டாள். "பொய் சொன்னது அவரு. கேட்டுக்கிட்டு நின்னது நானுல்ல?" என்பாள். "ஆனா அவரு இருக்குறவரைக்கும் வெளிய சொல்லிராத. நமக்கு வழிவிட்ட மனுசன, அவரு ஆளுக முன்னால தலகுனிய வைக்கக்கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அவர் மேல் போட்ட கேஸ் முடியவே இல்லை. தீர்ப்புக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். குற்றவாளியா இல்லையா என்று நான் சொல்ல முடியாது. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

இப்போது அந்தக் கோவிலில் கல்தரை இல்லை, பளபளவென்று டைல்ஸ் போட்டுவிட்டார்கள். பேச்சியம்மாள் பெரியம்மா இல்லை. அந்தப் பச்சை ஜீப் எங்கே போனதோ தெரியவில்லை. பந்தல் இருக்கிறது, போன வாரம்தான் கிளை கழித்துக் கவாத்து முடிந்தது. வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் அம்மா, "ஏலத்தோட்டத்துக்கு ஆளேத்தப் போறாக" என்று சொல்லிக்கொண்டே கடுகைத் தாளிக்கிறாள். அடுப்பு அணைவதில்லை.

ஆனால் கட்சி ஆபீசில் அந்தப் படம் பெரிதாக்கி மாட்டியிருக்கிறது. தலைவருக்காகக் கண்ணீர் விட்ட தாய் என்று வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். படிக்கிறவர்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். அம்மா அழுதது அப்பாவுக்காக. அதை அவரிடமே சொன்னாள். தெரிந்த பிறகுதான் அவர் வழிவிட்டார். நாலு பேரிடம் சொல்லுங்கள்; கூட்டாமல், குறைக்காமல், அவரையும் நல்லவராக்காமல், அம்மாவையும் சாமியாக்காமல், நடந்தபடியே சொல்லுங்கள்.