மஞ்சள் கொப்பரைப் படம்

அவிநாசியைத் தாண்டியதும் பஸ்ஸுக்குள் மஞ்சள் வேகிற வாசம் வந்தது. ஊரில் தோட்டத்துக்காரர் மஞ்சள் வேகவைக்கும் பெரிய கொப்பரை நினைவில் எழுந்தது. அவரிடம் கூலிக்கு இருந்த அப்பாவும் சித்தப்பாவும் அதனடியில் எரிக்கக் காய்ந்த கரும்புச் சோகையைத் தள்ளுவார்கள். ஆவியில் முகம் தெரியாது; பேச்சு மட்டும் கேட்கும்.

"அண்ணா, பையனப் படிக்கப் போடு. இந்த வேக்காடு நம்மளோட போகட்டும்" என்பார் சித்தப்பா.

அந்தக் கொப்பரையருகே இருவரும் சிரிப்பதுதான் எங்களிடமிருந்த ஒரே பழைய படம். நான் படித்து, எங்கள் குடும்பக் கதைக்கென்று இணையப் பக்கம் தொடங்கியபோது அதைத்தான் முதலில் போட்டேன். சேர்ந்து எழுதலாமென்று சித்தப்பாவுக்கும் பாஸ்வேர்டு கொடுத்தேன்.

வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் காட்டுவதற்காக, அந்தப் பக்கத்தைப் பஸ்ஸிலேயே செல்லில் திறந்தேன். படத்தில் அப்பா நின்ற பாதியை வெட்டியிருந்தார்கள். கீழே, 'பரம்பரை மஞ்சள் வியாபாரக் குடும்பம்'.

சித்தப்பாவை அழைத்தேன்.

"எம் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறோம் கண்ணு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்கெல்லாம் இதைப் பாப்பாங்க. உங்கப்பன் கோவணத்தோட நிக்கறான். கல்யாணம் முடியட்டும், திருப்பிப் போட்டுக்கலாம்."

வீட்டில் நுழைந்ததும், படத்தைப் பார்க்கக் காத்திருந்த அப்பா கையைத் துடைத்துக்கொண்டு செல்லை வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. படத்தையே உற்றுப் பார்த்தார்.

"தம்பி நல்லாத் தெரியறான்" என்றார். "நான் எங்க கண்ணு நிக்கறேன்?"