அண்ணி எடுத்து வைத்த அப்பங்கள்

என் அண்ணி தையல்காரி. ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தால் போதும், ரவிக்கை கச்சிதமாக வந்துவிடும். நான் பெருத்துவிட்டேன் என்பதை என் வீட்டுக் கண்ணாடி காட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவார். நாத்தனார் என்கிற மரியாதையெல்லாம் கிடையாது.

அந்தக் கண்ணை நம்பித்தான் மாதா கோயிலிலும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஞாயிறு பூசைக்கு முன் பக்கத்துக் கதவைத் திறந்து கூட்டத்தைப் பார்த்து, நன்மை வாங்க ஃபாதர் முன்னால் கைநீட்டுகிறவர்களுக்கு, ஆளுக்கு ஒன்றாக, மெல்லிய கோதுமை அப்பங்களைப் பாத்திரத்தில் எடுத்து வைக்கவேண்டும். கூடுதலாக வைத்தால் தொல்லை. பூசையில் வைத்தது ஆண்டவரின் உடலாகிவிடும், திரும்ப டப்பாவில் கொட்ட முடியாது. நற்கருணைப் பேழையில் பூட்டித்தான் வைக்கவேண்டும்.

பிறகு பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின. பிள்ளைகளுக்கு டியூஷன், அப்பாக்களுக்குத் தூக்கம், மிச்சப் பேருக்குக் கட்டிலில் படுத்தபடி செல்போனில் பூசை. என் அண்ணனும் அதில் சேர்ந்தார். மெக்கானிக். வாரமெல்லாம் வண்டிக்கு அடியில் கிடப்பவர், ஞாயிற்றுக்கிழமை போர்வைக்கு அடியில் கிடந்தார்.

“கடவுள் வீட்லயும்தான இருக்காரு? நீ போயிட்டு வா.”

அண்ணி சண்டை போடவில்லை. ஆனால் அண்ணன் கோயிலுக்குத் திரும்பவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு வேண்டுதலே இல்லை. பாத்திரத்தில் அண்ணனுக்கும் ஒன்று வைத்தார். புருஷனுக்கு மட்டும் வைப்பது ஓரவஞ்சனை என்று தோன்றியதோ என்னவோ, வராத எல்லாருக்கும் வைத்தார்.

“திடீர்னு வந்து நின்னா, இல்லேன்னா சொல்றது?” என்றார்.

“பேழை நெறஞ்சு வழியப் போகுது அண்ணி. ஃபாதர் ஒங்கள உண்டு இல்லேன்னு பண்ணிடுவாரு.”

ஃபாதர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. ஒருநாள் பூசை முடிந்ததும், அண்ணி பக்கத்தில் நிற்கும்போதே கேட்டுவிட்டேன்.

“மிஞ்சுற அப்பத்தை எல்லாம் என்ன பண்றீங்க ஃபாதர்?”

“எங்க மிஞ்சுது? சரியா இருக்கே.”

“வர்றதே ஒரு வேன்ல அடங்குற கூட்டம், ஃபாதர்.”

அவர் சிரிக்கவில்லை. “நான் முகத்தைப் பாக்கறதில்லம்மா. நீட்டுற கையைத்தான் பாப்பேன். கை வந்துக்கிட்டே இருக்கு.” கொஞ்சம் தயங்கினார். “கடைசியா வர்ற கைதான் ரொம்ப சில்லுனு இருக்கும். நகமெல்லாம் கிரீஸ்.”

அண்ணி செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்கு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். கட்டிலில் போர்வை தலைவரை மூடிக் கிடந்தது. அசைவில்லை. அண்ணிக்கு அதைத் தொடத் துணிவில்லை. நான்தான் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

அண்ணன் கண்ணைக் கசக்கினார். “பூசை முடிஞ்சுதா? காப்பி இருக்கா?”

அண்ணி தரையில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து, கல்யாணமான நாளிலிருந்து திட்டாததையெல்லாம் சேர்த்துத் திட்டினார். “அடுத்த வாரம் நீங்க என்கூட வரணும். என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க.”

அண்ணன் சத்தியம் செய்தார். சொன்னபடி தேய்த்த சட்டையில் வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார். அண்ணியின் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததே இல்லை. பின்னால் ஒருவரும் இல்லை. ஆனாலும் நாங்கள் எழுந்து நிற்கும்போதெல்லாம் பின்பெஞ்சும் கிறீச்சிட்டது. நான் திரும்பவே இல்லை.

நன்மை வாங்கும் நேரத்தில் அண்ணன் கூச்சப்பட்டுக் கடைசி ஆளாக நின்றார். அண்ணி வாங்கினார், நான் வாங்கினேன், ஓரமாக ஒதுங்கினோம். அடுத்தது அண்ணன்தான். அவர் முன்னால் வரவில்லை. கூட்டத்தில் வழி கிடைக்காதவர் மாதிரி அங்கேயே நின்றார். ஃபாதரின் கையோ பாத்திரத்துக்குள் போய்ப் போய் வந்தது. குனிந்த தலை நிமிராமல், வெறும் காற்றில், ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே இருந்தார்.

ஒருவழியாக அண்ணன் வந்து கையை நீட்டினார். ஃபாதர் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். பிறகு முதல்முறையாக முகத்தைப் பார்த்தார்.

“நீங்க இப்பத்தான வாங்கிட்டுப் போனீங்க?”

“இல்ல ஃபாதர். நான் இப்பத்தான் வர்றேன்.”

ஃபாதர் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. அண்ணன் கையை மடக்கத் தெரியாமல் நின்றார்.

அண்ணி ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒங்களுக்குன்னுதாங்க வச்சேன்,” என்று அழுதார்.