பன்னிரண்டாவது பாட்டு

எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டருக்கு அம்மா பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தாள். அந்த வருஷம் எனக்குக்கூடப் புதுப் பாவாடை கிடையாது. அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரை புதுப்பட்டினத்தில் வாடகைக்கு இருந்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டைப்பிங் படிக்க வந்த சித்தியும் எங்களோடு இருந்தாள். அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதுதான் அவளுக்கு முழுநேர வேலை. டைப்பிங் பகுதிநேரம்தான்.

இன்று விரலால் தொட்டால் பாட்டு வருகிறது. அன்று பிடித்த பாட்டைக் கேட்க இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். கடைத்தெருவில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் வரிசையாக எழுதி, காலி கேசட்டோடு கொடுத்தால் பதிந்து தருவார்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு. ஆறும் முடிந்தபின் கொஞ்சம் நாடா மிச்சம் இருக்கும். அதைச் சும்மா விட்டால் கடைக்கு மரியாதை இல்லை என்று, கடைக்கார அண்ணன் தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டை அதில் போடுவார். அது பாதியிலேயே அறுந்துபோகும். ஊரில் யாரும் அதைப் பொருட்படுத்தமாட்டார்கள். சித்தி மட்டும் அந்த அரைப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பாள். அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வரும்.

பட்டியலை சித்தி சொல்லுவாள், நான் எழுதுவேன். என் கையெழுத்து முத்துமுத்தாக இருப்பதால்தான் என்னை எழுதச் சொல்கிறாள் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை. தன் கையெழுத்து யார் கையிலும் சிக்கிவிடக் கூடாது என்று அவளுக்கு இருந்த பயமெல்லாம் நாலாம் வகுப்புக்காரிக்கு எப்படித் தெரியும்? கடைக்குக் கொண்டுபோவதும் நான்தான். அண்ணன் தாளை மேலிருந்து படிக்கமாட்டார். கடைசிப் பாட்டைத்தான் முதலில் பார்ப்பார். பார்த்துச் சிரித்தால் அன்றைக்கு எனக்கு ஒரு கடலை மிட்டாய்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, செங்கல்பட்டிலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அப்பா சொன்னார். மாப்பிள்ளை பேங்கில் இருக்கிறாராம். அன்று மத்தியானம் சித்தி என்னைக் கூப்பிட்டுப் பட்டியல் சொன்னாள். பதினொன்று வரை வழக்கம்போலத்தான். பன்னிரண்டாவதாக ஓர் அழுமூஞ்சிப் பாட்டைச் சொன்னாள். இனி நாம் பார்த்துக்கொள்ளப் போவதில்லை, எங்கிருந்தாலும் நன்றாக இரு என்று ஒருத்தி பாடுகிற பாட்டு. “இதுதான் கடைசிக் கேசட்டு. இனிமே கடைக்குப் போக வேண்டாம்” என்றாள்.

கடைசிக் கேசட் என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை கேசட்டுக்குக் கை வலிக்க எழுதியிருக்கிறேன், எனக்கென்று ஒரு பாட்டு உண்டா? அந்த வருஷம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ரேடியோ செட்டில் ஒரு பாட்டுப் போடுவார்கள். உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் பெண் கேள் என்று நாயகி நாயகனை அதட்டுவாள். அவள் எதற்கு அதட்டினால் எனக்கென்ன? நடுவில் ஒரு மேளம் வரும், அதற்கு நான் ஆட வேண்டும், அவ்வளவுதான். அழுமூஞ்சியை விட்டுவிட்டு அதை எழுதினேன். சித்தி சரிபார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

கடைக்கார அண்ணன் கடைசி வரியைப் பார்த்தார். சிரிக்கவில்லை. மறுபடியும் பார்த்தார்.

“பாப்பா, இத்த உங்க சித்தியா சொன்னாங்கோ?”

“ஆமா.”

“கரெக்டா சொல்லு. பன்னண்டாவது இதான் சொன்னாங்களா?”

“இதேதான்” என்று கூசாமல் புளுகினேன். அவர் என் கையில் மிட்டாய் டப்பாவையே கொடுத்துவிட்டுப் பட்டப்பகலில் கடை ஷட்டரை இழுத்து மூடினார். மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மிட்டாயைத் தின்றேன்.

இரண்டாம் நாள் காலையில் அண்ணன் தன் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அந்த அம்மா எங்களுக்குப் புதிதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசலில் கூடையை இறக்கி மீன் விற்பவர்தான். இன்று கூடை இல்லை, பட்டுப்புடவையும் கை நிறையப் பழமும் இருந்தன. அண்ணனின் சட்டைப் பையில் கேசட் துருத்திக்கொண்டிருந்தது. என் திருட்டுத்தனத்தைச் சொல்லிக்கொடுக்கத்தான் குடும்பத்தோடு வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

“இன்னிக்கு மீனு எத்துகினு வர்ல சார். புள்ளைய இட்டுகினு வந்துகிறேன். உங்க வூட்டுப் பொண்ண இவனுக்குக் குடுங்க” என்றார் அந்த அம்மா.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “எங்க பொண்ணுக்கு இதுல சம்மதம்னு உங்களுக்கு யார் சொன்னது?”

அண்ணன் தாளை எடுத்து நீட்டினார். “பன்னண்டாவது பாருங்க சார். அது அவங்க எனக்குச் சொன்னது.”

அப்பா படித்தார். அம்மா எட்டிப் பார்த்தாள். சித்தியும் எட்டிப் பார்த்துவிட்டு, சுவரோடு சுவராக நின்றுவிட்டாள். அவ்வளவுதான், இனி அடி நிச்சயம், முந்திக்கொண்டால் இரண்டு அடி குறையும் என்று கணக்குப் போட்டு வெளியே ஓடிவந்தேன்.

“சித்தி சொல்லவே இல்லப்பா! நானேதான் எழுதினேன்! எனக்கு மேளம் வேணும்னு எழுதிட்டேன்!”

அண்ணனின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அவர் அம்மா மெல்ல எழுந்தார். “வா நைனா, போலாம். பேஜாராப் பூட்ச்சி” என்று மகனின் தோளைத் தொட்டார்.

“அவ பொய் சொல்றா அத்தான்.”

சித்திதான் பேசினாள். அப்பா எதிரே நின்று அவள் அதுவரை பேசியதே இல்லை.

“நான்தான் எழுதச் சொன்னேன். அந்தப் பாட்டைத்தான் சொன்னேன்.”

“நிஜமாவா?”

“நிஜமா, அத்தான்.”

அப்பா ஒரு சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தார். அம்மா அவரையே பார்த்தாள். “ஞாயித்துக்கிழமை ஆனா அவங்க மீனுக்கு வாசல்லயே காத்துக் கெடக்கீங்க. சம்பந்தம் மட்டும் கசக்குதாக்கும்?” என்றாள். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, அந்தப் பாட்டைப் போடுங்க. அப்படி என்னதான் இருக்குன்னு கேப்போம்.”

அம்மா டேப் ரிக்கார்டரின் உறையைக் கழற்றினாள். அண்ணன் நாடாவை ஓட்டி, சரியாக அந்த இடத்தில் நிறுத்தினார். நாயகி அதட்டினாள். மேளம் வந்தது. யாரும் என்னை அடிக்க வரவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு ஆட ஆரம்பித்தேன். அந்த அம்மா கைதட்டிக்கொண்டே, “ஆடு கண்ணு, ஆடு!” என்றார்.

சித்தி மட்டும் சிரித்துக்கொண்டே அழுதாள். பார்க்கப் பார்க்க எனக்கு ஆட்டம் ஓடவில்லை. என்னை அடியிலிருந்து காப்பாற்ற, பாவம், எல்லார் முன்னாலும் அவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல வேண்டியதாகிவிட்டதே. பக்கத்தில் போய் அவள் காதில் ரகசியமாகச் சத்தியம் செய்தேன்:

“எனக்காக இனிமே நீ பொய் சொல்ல வேண்டாம் சித்தி. அடுத்த தடவை நீ சொல்றதையே எழுதறேன்.”